லாகூர் ஆடுகளத்துத் தோழர்

மீன்சுருட்டி, அரியலூர் மாவட்டத்தில் சாலைகள் கூடும் ஊர். தெற்கே அணைக்கரை வழியாகக் குடந்தைக்கும், மேற்கே சயங்கொண்டத்துக்கும், கிழக்கே காட்டுமன்னார்கோயிலுக்கும் செல்லும் வழிகள் அங்கே சந்திக்கின்றன. இராசேந்திர சோழன் தலைநகராகக் கண்ட கங்கைகொண்ட சோழபுரம் அதற்கு அண்மையிலேயே உள்ளது. அப்பகுதியில் மாலை வேளையில் சிறுவர் சடுகுடு ஆடக் கூடினால், ஆட்டம் தொடங்குமுன் இரண்டு செயல்கள் நிகழும். முதலில் ஆள் பிரிப்பர். பின்னர்க் குச்சியால் மண்ணில் கோடு கிழிப்பர். அதுவரை தோளோடு தோள் உரசி நின்றவர், கோடு விழுந்த அளவில் எதிரிகள் ஆகிவிடுவர். மூச்சடக்கிப் பாடி வருபவன் உடன்பிறந்தவனே ஆயினும் அவனைப் பிடித்துக் கீழே தள்ளத் தயங்குவார் எவரும் இலர். பொழுது சாய்ந்ததும் அந்தக் கோடு கால்பட்டு அழிந்துவிடும். எதிரெதிர் நின்றவர் மீண்டும் ஒன்றாகவே வீடு திரும்புவர்.

1947ஆம் ஆண்டு பஞ்சாபு நாட்டின் நடுவே கிழிக்கப்பட்ட கோடு அவ்வாறு அழியவில்லை. ஒரே கல்லூரியில் பயின்று, ஒரே களத்தில் பழகி, ஒரே மாகாணத்துக்காக ஆடிய இளைஞர் சிலர், மறு ஆண்டிலேயே இலண்டன் மாநகரில் இரு வேறு கொடிகளின்கீழ் நிற்க நேர்ந்தது. அவர்கள் ஆடியது ஹாக்கி.

ஹாக்கியைத் தமிழில் வளைதடிப் பந்தாட்டம் என்பர். நுனி வளைந்த மட்டையே அதன் கருவி. அணிக்குப் பதினொருவர் ஆடுவர். அக்காலத்தில் முன்வரிசையில் ஐவரும், நடுவரிசையில் மூவரும், அவர்க்குப் பின்னே காவலர் இருவரும், இலக்கின் வாயிலில் ஒருவருமாக நிற்பது வழக்கம். அன்று 35 நிமிடம் ஆடிச் சிறிது இளைப்பாறிப் பக்கம் மாறி, மறுபடியும் 35 நிமிடம் ஆடினர். பந்து கிரிக்கெட்டுப் பந்தை ஒத்தது, கல்போல் கடினமானது, எடை ஏறத்தாழ 160 கிராம். இலக்குக்கு முன்னே அரைவட்டமாக வரையப்பட்ட எல்லைக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் ஆகும். எவ்வளவு வலியவன் ஆயினும் நடுக்களத்திலிருந்து ஓங்கி அடித்து வெற்றி பெற முடியாது.

இவ்வாட்டத்தின் அருமை மட்டையின் அமைப்பில் உள்ளது. அதன் இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் உருண்டை. தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம் என்பது விதி. ஆகவே பந்தை இருபுறமும் மாற்றி மாற்றிக் கொண்டு செல்ல விரும்புகிறவன், ஓடும்போதே மணிக்கட்டைச் சுழற்றி மட்டையைப் புரட்டிக்கொண்டே செல்லல் வேண்டும். ஐரோப்பியர் பெரும்பாலும் பந்தை வலிந்தடித்து, அதன்பின் விரைந்தோடுவர். இந்திய வீரரோ பந்தை மட்டையை விட்டு அகலவிடாது, எதிரியின் காலடியிலேயே திசைமாற்றிக் கொண்டு போவர். பார்ப்பவர்க்குப் பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டதோ என ஐயம் எழும். தியான் சந்து அவ்வகை ஆட்டத்தின் உச்சியில் நின்றவர்.

அக்காலத்து ஆட்டம் தொடங்கிய முறையும் அறியத்தக்கது. இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் நடுக்கோட்டுக்கு வந்து, பந்துக்கு இருபுறமும் எதிரெதிரே நிற்பர். தரையையும் எதிரியின் மட்டையையும் மாறி மாறி மும்முறை தட்டிய பின்னரே பந்தைக் கவரலாம். போர் தொடங்குமுன் மட்டையோடு மட்டை முகமன் கூறிக்கொள்வது போன்ற காட்சி அது. பிற்காலத்தில் அம்முறை கைவிடப்பட்டது.

குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து கல்லாகும் கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் இதே பெயருடைய வேறோர் ஆட்டம் உண்டு. காலில் இரும்பு அலகு பொருத்திய காலணி அணிந்து, பனிக்கட்டியின்மேல் வழுக்கிச் சென்று, பந்துக்கு மாறாகத் தட்டையான வட்டு ஒன்றை அடிப்பர். அங்கே அது கல்லூரிகளின் பெருமைக்குரிய ஆட்டம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான முதல் பனிஹாக்கி வாகையர் போட்டி 1948ஆம் ஆண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நடைபெற்றது. மிச்சிகன் பல்கலைக்கழகம் வென்றது. அவ்வூர்க் கல்லூரிகள் பனிமேல் அடைந்த புகழைப் பஞ்சாபின் கல்லூரிகள் புல்தரைமேல் அடைந்திருந்தன.

பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் கல்வியின் தலைமையிடம் லாகூர். 1864இல் தோன்றிய அரசினர் கல்லூரி அங்கே இருந்தது. 1882இல் நிறுவப்பட்ட பஞ்சாபுப் பல்கலைக்கழகமும் அங்கேயே இருந்தது. லாகூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அமிர்தசரசு நகர். அந்நகரத்துக் கால்சாக் கல்லூரி 1892இல் தொடங்கப்பெற்றது. காலையில் இரயிலேறினால் முற்பகலுக்குள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊரை அடைந்துவிடலாம். இரண்டு நகரத்துக் கல்லூரிகளும் களத்தில் கடும்போட்டியிட்டன. ஆயினும் பல்கலைக்கழக அணி என்று வரும்போது அவற்றின் சிறந்த வீரர் ஒரே அணியாகிச் சேர்ந்து ஆடினர். இந்து, முசுலிம், சீக்கியர் என்ற வேறுபாடு அணித் தேர்வில் குறுக்கிட்டதில்லை. பந்தைக் கொண்டுசென்று உரியவனிடம் சேர்ப்பவனுக்கே அங்கே இடம்.

அக்கல்லூரிகளிலிருந்து எழுந்த வீரருள் ஒருவர் பல்பீர் சிங். மோகா நகரில் வளர்ந்தவர். விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மகன். இளமையில் அவர் நின்றது இலக்கின் வாயிலில். பிறகு பின்காவலர் ஆனார். அதன்பின்பே முன்வரிசைக்கு வந்தார். கோலைத் தடுக்கக் கற்றவர் கோல் போடுவதில் இணையற்றவர் ஆனது வியப்பன்று. இலக்குக் காவலர் எங்கே தடுமாறுவார் என்பதை அவரைப்போல் அறிந்தவர் யார்? லாகூரில் சீக்கிய தேசியக் கல்லூரியில் பயின்றபோது, கால்சாக் கல்லூரி அணியின் பயிற்சியாளர் ஹர்பைல் சிங் அவரைக் கண்டார். தம் கல்லூரிக்கு வருமாறு வற்புறுத்தினார். பல்பீர் சிங்கின் வீட்டார் எளிதில் இசையவில்லை; ஹர்பைல் சிங்கும் எளிதில் விடவில்லை. இறுதியில் 1942இல் பல்பீர் சிங் அமிர்தசரசு சென்றார். அவரைத் தலைவராகக் கொண்ட பஞ்சாபுப் பல்கலைக்கழக அணி 1943, 1944, 1945 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அனைத்திந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் வென்றது. ஹர்பைல் சிங் பின்னாளில் 1952, 1956 ஆம் ஆண்டுகளின் இந்திய ஒலிம்பிக்கு அணிகளுக்கும் பயிற்சியாளராக விளங்கினார்.

லாகூர் அரசினர் கல்லூரியின் களத்தில் வேறு சிலர் உருவாயினர். கேசவ் தத்து லாகூரிலேயே 1925இல் பிறந்தவர். நடுவரிசையில் நின்று, வரும் பந்தை அமைதியாக வாங்கி முன்வரிசைக்கு அளந்து அனுப்பும் ஆற்றல் உடையவர். கிரகநந்தன் சிங் என்பார் லயால்பூரைச் சேர்ந்தவர். தோழர் அவரை நந்தி என்று அழைப்பர். ஷாஜாதா ஷாருக்கு மூன்றாமவர். மூவரும் ஒரே கல்லூரிக்கு ஆடியவர்; நெருங்கிய நண்பர். அவருள் இருவர் ஒரு சமயத்தினர், ஒருவர் மற்றொரு சமயத்தினர் என்று கணக்கிடலாகாது. மூவரும் மூன்று சமயத்தினர்.

1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பம்பாயில் தேசிய ஹாக்கிப் போட்டி நடைபெற்றது. பஞ்சாபு அணிக்குத் தலைவர் ஏ. ஐ. எஸ். தாரா. இவர் 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில், நடுவழியில் வானூர்தி மூலம் வரவழைக்கப்பட்டுத் தியான் சந்தின் அணியில் சேர்ந்து ஆடியவர். தாரா பல்பீர் சிங்கை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். பஞ்சாபு வாகை சூடியது. பிளவுபடாத பஞ்சாபின் பெயரால் ஓர் அணி பெற்ற கடைசி வெற்றி அது. அந்த ஆண்டு மார்ச்சுத் திங்களிலேயே லாகூரிலும் அமிர்தசரசிலும் கலவரம் மூண்டுவிட்டது. கோப்பையோடு ஊர் திரும்பியவரை வரவேற்றவை மாலைகளும் மேளமும் அல்ல, எரியும் தெருக்களே.

சூலைத் திங்களில் சர் சிரில் ராட்கிளிப்பு என்னும் ஆங்கில வழக்கறிஞர் இந்தியாவுக்கு வந்தார். அதற்குமுன் அவர் இந்நாட்டைக் கண்டவர் அல்லர். பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்கும் எல்லையை வகுக்க அவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்து வாரம். விடுதலை நாளுக்கு இரண்டு நாள் கழித்து, ஆகத்து 17ஆம் நாள், அவ்வெல்லை வெளியிடப்பட்டது. லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. அமிர்தசரசு இந்தியாவில் நின்றது. ஒரே பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையே நாட்டெல்லை வந்து படுத்துக்கொண்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வீடும் நிலமும் துறந்து இப்புறமும் அப்புறமும் பெயர்ந்தனர். பல இலட்சம் பேர் உயிரிழந்தனர். அப்பெருந்துயரின் நடுவே ஓர் ஆட்டக் குழு சிதறியதைக் கணக்கில் எடுப்பார் யார்? ஆயினும் பெரிய துயரத்தின் அளவை உணரச் சிறிய செய்தி ஒன்று சில வேளைகளில் துணை செய்யும்.

கேசவ் தத்து, பிறந்த ஊரைவிட்டு நண்பர்களின் உதவியால் வெளியேறினார். நந்தி சிங்கின் ஊராகிய லயால்பூரும் எல்லைக்கு அப்பால் போயிற்று. பல்பீர் சிங் காவல்துறையில் பணியாற்றியவர். அவர் மணந்த பெண்ணின் ஊர் லாகூர். அவர் குடும்பத்தோடு லூதியானாவில் குடியேறினார். ஷாருக்கு லாகூரிலேயே இருந்தார். தலைவர் தாரா பாகிஸ்தான் குடிமகன் ஆனார். ஒரு பருவத்தில் ஒருவருக்கொருவர் பந்து கொடுத்து ஆடியவர்க்கு, அடுத்த பருவத்தில் கடிதம் எழுதவும் அயல்நாட்டு முகவரி வேண்டியதாயிற்று.

இந்திய ஹாக்கிக்கு அது பேரிழப்பு. 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும், 1932இல் லாஸ் ஏஞ்சல்சிலும், 1936இல் பெர்லினிலும் இந்தியா தங்கப் பதக்கம் வென்றிருந்தது. இரண்டாம் உலகப் போரால் 1940, 1944 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக்குப் போட்டிகள் நடைபெறவில்லை. 1948இல் இலண்டனில் மீண்டும் நடைபெறவிருந்த வேளையில், வீரரை ஈன்ற பஞ்சாபோ இரண்டாகக் கிடந்தது. தியான் சந்து ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்டார். ஆயினும் 1947ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தலைமையில் ஓர் இந்திய அணி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஆடியது. அப்பயணத்தில் கேசவ் தத்துக்கு இடம் கிடைத்தது. அகதியாக வந்தவருக்கு அப்பெருவீரரின் பக்கத்தில் நின்று ஆடும் வாய்ப்பு மருந்துபோல் அமைந்தது எனலாம்.

இலண்டனுக்குச் செல்லும் அணியைப் பம்பாயில் தெரிந்தெடுத்தனர். தலைவர் கிஷன் லால். வலக்கோடியில் மின்னலென விரைபவர். துணைத் தலைவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கே. டி. சிங், ‘பாபு’ என்று நாடெங்கும் அறியப்பட்டவர். பம்பாயிலிருந்து லியோ பின்டோ, வால்டர் டிசூசா முதலியோரும், வங்காளத்திலிருந்து லெஸ்லி கிளாடியஸ், பாட்டு ஜான்சன் முதலிய ஆங்கிலோ இந்தியரும், போபாலின் புகழ்பெற்ற களங்களில் ஆடிய லத்தீபுர் ரகுமான், அக்தர் உசேன் ஆகியோரும் இடம்பெற்றனர். இலக்குக் காவலர் இருவருள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த ரங்கநாதன் பிரான்சிஸ். 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்குப் போட்டிகளிலும் தங்கம் வென்ற அணிகளில் இருந்த தமிழ்நாட்டு வீரர் இவர். இவர் பெயர் தமிழ் மாணவர் பலர்க்கும் தெரியாதிருத்தல் வருந்தத்தக்கது.

பல்பீர் சிங்கின் பெயர் முதற்பட்டியலில் இல்லை. பின்னரே அவர் அழைக்கப்பட்டார். கேசவ் தத்தும் நந்தி சிங்கும் அணியில் சேர்ந்தனர். எல்லைக்கு அப்பால் லாகூரில், பாகிஸ்தானின் முதல் ஒலிம்பிக்கு அணி திரண்டது. அதன் தலைவர் தாரா. அவ்வணியில் ஷாருக்கும் இருந்தார்.

அன்றைய இலண்டன் போரின் காயம் ஆறாத நகரம். உணவும் உடையும் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்த காலம். போட்டிக்கென்று புதிய அரங்கம் எதுவும் கட்டப்படவில்லை. வந்த வீரரைப் படைவீடுகளிலும் கல்லூரிகளிலும் தங்கவைத்தனர். செர்மனியும் சப்பானும் அழைக்கப்படவில்லை. எனினும் 59 நாடுகள் பங்குகொண்டன. வெம்பிளி அரங்கில் நடந்த தொடக்க விழா அணிவகுப்பில், விடுதலை பெற்று ஓராண்டும் நிறையாத இந்தியா தன் சொந்தக் கொடியோடு முதன்முறையாக நடந்து சென்றது. பாகிஸ்தானும் அவ்வாறே சென்றது.

லாகூரில் ஒன்றாக வளர்ந்தவர் அங்கே ஒருவரையொருவர் கண்டனர். கண்டும் பழைய கலகலப்பு எழவில்லை. ஊரில் நிகழ்ந்தவை அனைவர் நெஞ்சிலும் ஆறாதிருந்தன. புதிய நாடுகளின் பெருமையும் அவர்கள் தோள்மேல் ஏறியிருந்தது. ஒரே விடுதியில் ஒரே தட்டில் உண்டவர், அளந்து பேசி விலகிச் சென்றனர் என்பது அவருட் சிலர் முதுமையில் நினைவுகூர்ந்த செய்தி.

போட்டியில் 13 நாடுகள் மூன்று தொகுதிகளாக ஆடின. இந்தியா முதலில் ஆஸ்திரியாவை 8–0 என வென்றது. அவ்வாட்டத்தில் பல்பீர் சிங் களமிறங்கவில்லை. அடுத்து அர்சென்டினாவோடு ஆடியபோதுதான் அவருக்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது. இந்தியா 9–1 என வென்றது; அவற்றுள் ஆறு கோல் அவருடையவை. முதல் ஒலிம்பிக்கு ஆட்டத்திலேயே ஆறு கோல் போட்டவரை மறு ஆட்டத்தில் விடுவார் உண்டோ? விட்டனர்! ஸ்பெயினோடு நடந்த ஆட்டத்திலும் அவர் இல்லை. ஆலந்து நாட்டோடு நடந்த அரையிறுதியிலும் இல்லை. தேர்வாளர் உள்ளத்தைத் தெய்வமே அறியும். ஸ்பெயினை 2–0 எனவும், ஆலந்தை 2–1 எனவும் இந்தியா வென்றது. கோல்களின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வந்தது கண்டு இந்தியர் கவலை கொண்டனர்.

மறுபுறம் பாகிஸ்தான் தன் தொகுதியில் எல்லா ஆட்டங்களையும் வென்று வந்தது. ஆலந்தை 6–1 என முறியடித்திருந்தது. இரண்டு அரையிறுதிகளும் ஆகத்து 9ஆம் நாள் நடைபெற்றன. பாகிஸ்தானும் வென்றிருந்தால், தாராவின் பழைய அணி இறுதியில் தன்னோடு தானே மோதியிருக்கும். ஆனால் பிரிட்டன் 2–0 எனப் பாகிஸ்தானை வென்றது. லாகூர்த் தோழர் அந்த ஆண்டு களத்தில் எதிரெதிர் நிற்கவில்லை.

எனவே இறுதியாட்டம் ஆண்டவர்க்கும் ஆளப்பட்டவர்க்கும் இடையே அமைந்தது. 1920இல் ஹாக்கித் தங்கம் வென்ற பிரிட்டன், இந்தியா கலந்துகொண்ட 1928, 1932, 1936 ஆம் ஆண்டுகளில் ஹாக்கிக்கு அணி அனுப்பவில்லை. தன் ஆட்சிக்கு உட்பட்ட நாட்டிடம் தோற்க நாணியதே காரணம் என்று இந்தியர் பலர் எண்ணினர். அவ்வெண்ணம் எவ்வாறாயினும், ஒலிம்பிக்குக் களத்தில் இருவரும் சந்திப்பது அதுவே முதன்முறை. இறுதியை எட்டும்வரை பிரிட்டன் ஒரு கோலும் வாங்கவில்லை என்பதும் கருதத்தக்கது.

1948ஆம் ஆண்டு ஆகத்து 12ஆம் நாள் வெம்பிளி அரங்கம் மழையில் நனைந்திருந்தது. புல்தரை சேறாகிப் பந்து உருள மறுத்தது. மட்டையில் ஒட்டவைத்துப் பந்தை நகர்த்தும் இந்திய ஆட்டத்துக்குச் சேறு பகை. வலிந்தடித்து ஓடும் ஆங்கிலேய ஆட்டத்துக்கு அது நட்பு. வழுக்குதல் தாளாமல் கிஷன் லாலும் பாபுவும் காலணியைக் கழற்றி எறிந்து வெறுங்காலோடு ஆடினர் என்று சொல்லப்படுகிறது. நம் நாட்டு வயல்வரப்பில் நடந்து பழகியவர்க்கு அதன் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. சேற்றில் காலணி வழுக்கும் இடத்தும், விரல்கள் ஊன்றி நிற்கும்.

அன்று பல்பீர் சிங்குக்கு மீண்டும் இடம் கிடைத்தது. ஆட்டம் தொடங்கி ஏழாம் நிமிடத்தில் அவர் முதல் கோலைப் போட்டார்; பதினைந்தாம் நிமிடத்தில் இரண்டாவதையும் போட்டார். அவருக்குப் பின்னே கேசவ் தத்து நடுவரிசையில் நின்று பிரிட்டன் முன்வரிசையை முன்னேறவொட்டாது தடுத்தார். கடந்த ஆண்டுப் பிரிவினையின் துயரைக் கண்ட இருவர், ஒருவர் தடுக்கவும் மற்றவர் அடிக்கவுமாக ஆடினர். ஜான்சனும் திரிலோசன் சிங்கும் மேலும் ஒவ்வொரு கோல் போட, இந்தியா 4–0 என வென்றது. இருநூறு ஆண்டு நம்மை ஆண்டவரின் தலைநகரில், அவர்தம் அரங்கில், அவர்தம் கொடியினும் உயரே மூவண்ணக் கொடி ஏறிற்று. முதலாம் விடுதலை ஆண்டுவிழாவுக்கு இன்னும் மூன்று நாளே இருந்தன.

1936இல் இதே இந்திய அணி பெர்லினில் இறுதியாட்டத்துக்குப் புறப்படுமுன், உடைமாற்றும் அறையில் மறைவாகக் காங்கிரசின் மூவண்ணக் கொடியை விரித்து வணங்கிவிட்டுச் சென்றது. களத்தில் அவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரால் ஆடினர். அந்த அறையில் வணங்கி நின்றவருள் தாராவும் ஒருவர். மூவண்ணக் கொடி வெளிப்பட ஏறிய நாளில் அவர் வேறு கொடிக்கு உரியவர் ஆகியிருந்தார். பாகிஸ்தான் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஆலந்தோடு 1–1 எனச் சமநிலை பெற்றது; மறு ஆட்டத்தில் 1–4 எனத் தோற்றுப் பதக்கமின்றி ஊர் திரும்பியது.

கோடு அதன்பின்னும் ஆளைப் பிரித்துக்கொண்டே இருந்தது. இலண்டனில் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற லத்தீபுர் ரகுமானும் அக்தர் உசேனும் பின்னர்ப் பாகிஸ்தான் சென்று குடியேறினர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவும் பாகிஸ்தானும் முதன்முறையாக இறுதியில் சந்தித்தபோது, அவ்விருவரும் பாகிஸ்தான் அணியில் இருந்தனர். அவர்களோடு இலண்டனில் ஆடிய ரண்தீர் சிங் ஜென்டில் போட்ட ஒரே கோலால் இந்தியா வென்றது. பல்பீர் சிங் அன்று இந்திய அணியின் தலைவர். லத்தீபுர் ரகுமானும் அக்தர் உசேனும் ஒரு நாட்டுக்குத் தங்கமும் மற்றொரு நாட்டுக்கு வெள்ளியும் பெற்றவர் ஆயினர். அதே மெல்போர்னில் ஷாருக்கும் பாகிஸ்தானின் சார்பில் கலந்துகொண்டார். ஆனால் அம்முறை ஹாக்கியில் அன்று, மிதிவண்டிப் போட்டியில்!

கேசவ் தத்து கல்கத்தாவில் நிலைகொண்டு, 1952இல் ஹெல்சிங்கியிலும் தங்கம் வென்றார். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் ஆலந்தை 6–1 என இந்தியா வென்றபோது, ஐந்து கோல் பல்பீர் சிங் ஒருவரே போட்டார். ஒலிம்பிக்கு ஹாக்கியின் ஆடவர் இறுதியாட்டத்தில் ஒருவர் போட்ட கோல்களுள் அதுவே பேரளவு. நந்தி சிங்கும் ஹெல்சிங்கி அணியில் இருந்தார். பல்பீர் சிங் 2020இலும், கேசவ் தத்து 2021இலும் காலமாயினர்.

நந்தி சிங் முதுமையில் நோயுற்று வாய்பேச இயலாதிருந்த காலத்தில், அவர் மகள் பானி சிங் தந்தையின் இளமை நினைவுகளைத் தேடத் தொடங்கினார். தேடல் அவரை எல்லை கடந்து லாகூருக்கு இட்டுச் சென்றது. அங்கே முதியவராக இருந்த ஷாருக்கைக் கண்டு பேசினார். தோழரின் மகளிடம் ஷாருக்கு அரசினர் கல்லூரி நாட்களையும், களத்தையும், நந்தியையும் பற்றிப் பேசினார். அப்பேச்சையும் பயணத்தையும் கொண்டு பானி சிங் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘தாங்கு’. பஞ்சாபி மொழியில் அச்சொல்லுக்கு ஏக்கம் என்பது பொருள். 2014ஆம் ஆண்டு நந்தி சிங் மறைந்தார்.